8 கி.மீ. வேகத்தில் கவிழ்ந்த ஃபோர்க்லிஃப்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

1996 செப்டம்பர் 18. அமெரிக்காவில் விளம்பரப் பலகைகள் செய்யும் ஒரு நிறுவனம். ட்ரெய்லரில் வந்திறங்கிய எஃகுக் குழாய்களை நிறுவனத்தின் தலைவரே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி இறக்கிக்கொண்டிருந்தார். வயது 43. கீழே கான்கிரீட் தரை, 3 சதவீதச் சரிவு. ட்ரெய்லரை ஒட்டியே வண்டியை ஓட்டிவந்தவர், அதன் பின்பக்கம் போக ஸ்டீயரிங்கைத் திருப்பினார். வண்டி ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது. இருக்கையிலிருந்து அவர் வெளியே குதித்தார். சாய்ந்த வண்டியின் மேற்கூண்டு அவர் தலையையும் கழுத்தையும் தரையோடு அழுத்திவிட்டது.

அப்போது வண்டி போய்க்கொண்டிருந்த வேகம் மணிக்கு சுமார் 5 மைல். நம் கணக்கில் 8 கி.மீ.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ், 1999 டிசம்பரில் ஃபோர்க்லிஃப்ட் மரணங்கள் குறித்து வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கையில் இந்த நிகழ்வு இருக்கிறது. ஆபரேட்டர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான். காரணம் அந்த 8. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம் பக்கம் எந்தக் குடோனுக்குள் நுழைந்தாலும் மஞ்சள் பலகையில் ஒரு வேக எண் தொங்கும். பெரும்பாலும் 10. அந்தப் பலகையின்படி பார்த்தால் இறந்தவர் எந்த விதியையும் மீறவில்லை. வேக வரம்புக்குள் ஓட்டியே செத்துப்போனார்.

விபத்துக்குப் பிறகு வண்டியைச் சோதித்துப் பார்த்தவர்கள் மூன்று விஷயங்களைக் கண்டார்கள். வலப்பக்கப் பின் ஆக்சிலின் ஸ்டாப்பர் விபத்துக்கு முன்பே சேதமாகியிருந்தது. வண்டி திரும்பும்போது பக்கவாட்டு ஆட்டத்தை அது தடுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் அரைச் சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே ப்ளே இருந்தது. அவ்வளவு திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையவே தொடங்கும். சீட் பெல்ட் கிடையாது.

இந்த மூன்றுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? வகுப்பில் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. வண்டி எப்படி நிற்கிறது என்பது தெரிந்தால் சம்பந்தம் புரிந்துவிடும்.

ஃபோர்க்லிஃப்டுக்குச் சக்கரம் நான்கு. ஆனால் அது நிற்பது மூன்று காலில். முன் ஆக்சில் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். பின் ஆக்சிலோ நடுவில் ஒரே ஒரு அச்சாணியில் தொங்கி, தராசுத் தட்டுபோல இருபக்கமும் ஆடும். மேடுபள்ளத் தரையில் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆக, வண்டியின் எடையைத் தாங்கும் புள்ளிகள் மூன்று: முன்சக்கரங்கள் இரண்டு, பின்னால் அந்த அச்சாணி. ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான பக்கம் முன்னால், குறுகலான பக்கம் பின்னால், திரும்புவதும் பின்சக்கரம். ஆட்டோ சட்டென்று வளையும்போது ஒரு சக்கரம் தூக்குவதைப் பார்க்காதவர் நம்மில் யார்?

இதில் இன்னொரு சங்கதி உண்டு. லோடு இருக்கும்போது வண்டியின் எடை மையம் முன்னால், அகலமான பக்கத்துக்கு நகர்கிறது. லோடைத் தாங்கும் முள்கரமான ஃபோர்க்கைத் தரையை ஒட்டி வைத்திருந்தால் பக்கவாட்டில் அது நன்றாகவே தாங்கும். லோடை இறக்கிவிட்டால், லோடைச் சமன்செய்ய வண்டியின் பின்னால் வைத்த ஒன்றரை டன், இரண்டு டன் கவுண்டர்வெயிட்டோடு எடை மையம் பின்னால், குறுகலான பக்கத்துக்குப் போய்விடும். அதனால் வளைவில் காலி வண்டி, லோடு வண்டியைவிட எளிதாகக் கவிழும். நடைமுறையில் நடப்பது நேர்மாறு. லோடு இருக்கும்போது ஆபரேட்டர் மெதுவாகப் போவார். இறக்கி வைத்துவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் காலை அழுத்துவார். "காலி வண்டிதானே சார்" என்ற பேச்சை நான் கேட்காத குடோன் இல்லை.

ஸ்டாப்பருக்கு வருவோம். வண்டி சாயத் தொடங்கியதும் ஆடும் பின் ஆக்சில் ஓரளவுக்கு மேல் ஆட முடியாமல் ஸ்டாப்பரில் போய் முட்டும். முட்டிய அந்த நொடியில் முக்காலி நாற்காலியாகிவிடும். பின்சக்கரமும் சேர்ந்து தாங்கும். வண்டிக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. செப்டம்பர் 18 அன்று அந்த வாய்ப்பு இல்லாமல்தான் அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1990-களின் கடைசியில் டொயோட்டா தன் ஃபோர்க்லிஃப்டுகளில் கொண்டுவந்த நிலைத்தன்மை அமைப்பின் அடிப்படையும் இந்த இடம்தான். ஆபத்தான திருப்பத்தைச் சென்சார் உணர்ந்ததும், பின் ஆக்சிலின் ஆட்டத்தை ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் பூட்டிவிடும். சேதமான ஒரு இரும்புத் துண்டு செய்யாமல் விட்ட வேலையின் அருமை, அந்த வேலைக்கென்று தனியாக ஒரு தொழில்நுட்பத்தையே உருவாக்கினார்கள் என்பதில் தெரியும்.

ஸ்டீயரிங் ப்ளேதான் இந்த நிகழ்வில் பலரும் தாண்டிப் போகும் இடம். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுவே. வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வளைவின் ஆரம் குறையக் குறையவும் கூடும். 8 கி.மீ. வேகத்தில் 3 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பக்கவாட்டில் வரும் தள்ளு, புவியீர்ப்பில் ஏறத்தாழ 17 சதவீதம். அதே 8 கி.மீ., ஒன்றரை மீட்டர் ஆரம் என்றால் 34 சதவீதம். வேகமானி அசையவில்லை, தள்ளு இரட்டித்துவிட்டது. இப்போது ப்ளே உள்ள ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை நினைத்துப் பாருங்கள். அரைச் சுற்று திருப்பியும் வண்டி திரும்பவில்லை. பக்கத்திலேயே ட்ரெய்லர். கை தானாகவே இன்னும் வேகமாகச் சுற்றும். சக்கரம் பிடித்ததும் ஓட்டியவர் நினைத்ததைவிடக் குறுகிய வளைவில் வண்டி பாயும். பின்சக்கரம் திரும்பும் வண்டி என்பதால் பின்பக்கம் வேறு வெளியே வீசும். 3 சதவீதச் சரிவு இதோடு சேர்த்துக் கொடுப்பது சொற்பம்தான், ஆனால் கூட்டலில் அதுவும் உண்டு.

எனவே அந்த வண்டிக்கு, அந்த நிலையில், 8 கி.மீ. என்பதே அதிவேகம். நல்ல ஸ்டாப்பரும் இறுக்கமான ஸ்டீயரிங்கும் இருந்திருந்தால் அதே 8 சாதாரண வேகம். பாதுகாப்பான வேகம் எவ்வளவு என்பதற்குப் பாதி விடை பலகையில் இல்லை, வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது.

கடைசியாக, அவர் குதித்த விஷயம். குதித்தவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாயும் எதிலிருந்தும் தப்பித்து ஓடத்தான் உடம்பு சொல்லும். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் ஒரு நொடியில் கவிழ்ந்துவிடும், மனிதன் அதற்குள் கூண்டைத் தாண்டி வெளியேற முடியாது. உள்ளேயே இருந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, வண்டி சாயும் திசைக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்த்துக்கொள் என்றுதான் எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறோம். சொன்னால் மட்டும் உடம்பு கேட்காது. அதற்குத்தான் பெல்ட்.

இதே அறிக்கையில் இன்னொரு கவிழ்வு. 1995 ஏப்ரலில் 37 வயதுப் பட்டறை ஃபோர்மேன் ஒருவர், 4 சதவீதச் சரிவில் பின்னோக்கி இறங்கிக்கொண்டே திரும்பியிருக்கிறார். வண்டியில் இருந்த சுமை அட்டைக் கட்டு, 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. டன் கணக்கில் தூக்கும் வண்டிக்கு அது சுமையே இல்லை. ஆனால் ஃபோர்க் தரையிலிருந்து ஏறத்தாழ 60 அங்குலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தது. நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. மேற்கூண்டின் அடியில் தலை சிக்கிய நிலையில்தான் அவரைக் கண்டார்கள். 68 கிலோ அட்டை எந்த வண்டியையும் கவிழ்க்காது. ஃபோர்க்கும் அதைத் தாங்கும் கனமான இரும்பும் மேலே போனதும் எடை மையமும் கூடவே மேலே போனது, மேலே போன நிலையிலேயே திரும்பியது, சரிவில் திரும்பியது, இவை சேர்ந்துதான் கவிழ்த்தன. லோடின் எடையைக் கேட்கும் சூப்பர்வைசர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஃபோர்க் எவ்வளவு உயரத்தில் வைத்து ஓட்டினாய் என்று கேட்பவர் அரிது.

மூன்றாவது நிகழ்வில் வேகம் நேரடிக் குற்றவாளி. கணினி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் 39 வயதுப் பெண் ஒருவர் தன் பஞ்ச் பிரஸ்ஸில் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தார். அதிவேகமாக ரிவர்ஸில் வந்த ஃபோர்க்லிஃப்ட் ஒரு இரும்புக் கழிவுத் தொட்டியில் இடித்தது. தொட்டி போய்ப் பிரஸ்ஸில் மோதி, வண்டியை நோக்கித் திரும்பி வந்தது. வண்டி அதை மறுபடி இடித்துத் தள்ள, தொட்டி அந்தப் பெண்ணை நசுக்கிவிட்டது. வண்டி அவரைத் தொடவே இல்லை. நம் குடோன்களில் பாதசாரிகளுக்கென்று மஞ்சள் கோடு போடும்போது, வண்டி போகும் பாதையை மட்டும்தான் பார்க்கிறோம். வண்டி இடித்தால் எந்தெந்தப் பொருள் எங்கெங்கே போகும் என்று பார்ப்பதில்லை. ரேக்கின் கால், குப்பைத் தொட்டி, அடுக்கி வைத்த காலிப் பேலட் (சரக்கை அடுக்கும் தட்டு) எல்லாமே வண்டியின் நீட்சிதான்.

1980 முதல் 1994 வரை அமெரிக்காவில் ஃபோர்க்லிஃப்ட் சார்ந்த மரணங்கள் 1,021 என்று அந்த அறிக்கை கணக்கிடுகிறது. வண்டி கவிழ்ந்ததில் இறந்தவர்கள் 22 சதவீதம். நடந்துபோனவர் மீது வண்டி மோதியது 20 சதவீதம். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். முதலாவதில் சாவது ஓட்டுபவர், இரண்டாவதில் சாவது அடுத்தவர். வேகத்தை எங்கே, எதற்காகக் குறைக்க வேண்டும் என்ற கேள்வியும் இப்படி இரண்டாகப் பிரிகிறது. கவிழாமல் இருக்க வளைவில் குறைக்க வேண்டும். மோதாமல் இருக்க, பார்வை மறையும் இடத்தில் குறைக்க வேண்டும். ஒரே எண்ணை வாசலில் எழுதி மாட்டினால் இரண்டு வேலையும் அரைகுறையாகத்தான் நடக்கும்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதியில் ஃபோர்க்லிஃப்டுக்கு வேக எண்ணே கிடையாது. எந்த நிலையிலும் பாதுகாப்பாக நிறுத்த முடிகிற வேகத்தில்தான் ஓட்ட வேண்டும் என்கிறது. முன்னால் போகும் வண்டியோடு மூன்று வண்டி நீளம் இடைவெளி விடு, குறுக்குப் பாதையிலும் பார்வை மறையும் இடத்திலும் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடி, லோடு முன்பார்வையை மறைத்தால் ரிவர்ஸில் போ என்கிறது. எண் சொல்லாமல் நழுவிவிட்டார்கள் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அபிப்பிராயம் மாறியது.

பிரேக்கில் கால் போக ஒரு நொடி, அதன் பிறகு மிதமான பிரேக் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தமாகப் பிரேக் போட முடியாது. பெரும்பாலான வண்டிகளில் பிரேக் முன்சக்கரத்தில் மட்டும்தான், போதாததற்கு முன்னால் இருக்கும் லோடு சரிந்து விழும். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்ற அளவில் குறைவதாகக் கொண்டால், 5 கி.மீ. வேகத்தில் நிற்க 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். 8-ல் மூன்றரை மீட்டர். 12-ல் 6 மீட்டர். 16-ல் 9 மீட்டரைத் தாண்டிவிடும். இரண்டரை டன் தூக்கும் வண்டி, காலியாகவே மூன்றரை முதல் நான்கு டன் எடை இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேக் வரிசை முடியும் முனையில், கையில் ஸ்கேனரோடு ஒருவர் வெளியே வந்தால் ஆபரேட்டர் கண்ணுக்கு அவர் 2 மீட்டர் தூரத்தில்தான் தெரிவார். அந்த இடத்துக்கு 5 கூட விளிம்பில் நிற்கும் வேகம். நேராக, வெளிச்சமாக, ஆள் நடமாட்டம் இல்லாத 60 மீட்டர் பாதையில் 12 போனால் குடிமுழுகிப் போகாது. ஒரே குடோனில், ஒரே வண்டிக்கு, நான்கைந்து வேகங்கள். 10 என்ற பலகை முதல் இடத்தில் கொல்லும், இரண்டாவது இடத்தில் ஆபரேட்டர்களின் சிரிப்புக்கு ஆளாகும். சிரித்துப் பழகிய பலகையை யாரும் மதிப்பதில்லை.

வேகத்தைக் கட்டுப்படுத்தச் சந்தையில் விற்பவை ஏராளம். மின்கல வண்டிகளில் சர்வீஸ் இன்ஜினியர் வந்து கன்ட்ரோலரில் உச்ச வேகத்தைக் குறைத்துவிட்டுப் போவார். ஐந்து நிமிட வேலை. நிர்வாகத்துக்குப் பிடித்த தீர்வும் அதுதான். ஆனால் உச்ச வேகத்தை 8-க்குப் பூட்டினால், நேர்பாதையில் 8 போகும் ஆபரேட்டர் வளைவிலும் 8-லேயே திரும்புவார். முதல் நிகழ்வு நடந்ததே அந்த 8-ல்தான். ஸ்டீயரிங் திரும்பும் கோணத்தைப் பார்த்துத் தானாக வேகத்தைக் குறைக்கும் வசதியும், ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் தூணான மாஸ்ட் உயர்ந்திருந்தால் ஊர்ந்து மட்டுமே போகவிடும் வசதியும் இன்றைய மின்கல வண்டிகள் பலவற்றில் இருக்கின்றன. வாங்கும்போது அவை இருக்கிறதா என்று கேட்பவர்களைவிட, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்பவர்கள்தான் அதிகம். பழைய டீசல் வண்டிக்கு இதெல்லாம் இல்லை. வாடகைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்த ரகம்தான்.

வண்டியில் பொருத்தும் நீல எச்சரிக்கை விளக்கு நல்ல விஷயம், ரேக் வரிசைக்குள் வண்டி வருவதற்கு முன்னே அதன் புள்ளி தரையில் வந்துவிடும். நண்பகலில், லாரி வந்து நிற்கும் டாக் வாசலில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. குவி கண்ணாடி மாட்டுகிறார்கள், மூன்று மாதத்தில் தூசு படிந்து இருண்டுவிடுகிறது. ஸ்பீடு பிரேக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். சின்னச் சக்கரம், காற்றில்லாத டயர், சஸ்பென்ஷன் கிடையாது. லோடோடு அதில் ஏறி இறங்குவது, ஃபோர்க்கிலிருந்து பேலட்டைக் குலுக்கி எடுப்பதற்குச் சமம். மழைக்காலத்தில் டாக் சாய்தளம் நனைந்து, வெளியிலிருந்து வரும் சக்கரங்கள் ஈரத்தை உள்ளே பத்துப் பதினைந்து மீட்டர் வரை இழுத்துவரும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே போட்ட கணக்கெல்லாம் மாறும். ஆனால் பலகை மாறாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் வண்டிகள் விரட்டப்படும் குடோன்களைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் காரணம் ஆபரேட்டரின் காலில் இல்லை. பதினொரு மணிக்குள் ஆறு லாரி கிளம்ப வேண்டும் என்று காலை எட்டு மணிக்குச் சொல்லப்படும். எத்தனை ட்ரிப் என்று மாலையில் எண்ணப்படும். ஒப்பந்த ஆபரேட்டருக்கு அடுத்த மாதம் வேலை உண்டா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. அவருக்கு முன்னால் 10 என்று எழுதிய பலகை, பின்னால் நேரத்தைப் பார்த்தபடி நிற்கும் டிஸ்பாட்ச் இன்சார்ஜ். எதற்குப் பயப்படுவார்?

விரட்டுவதால் என்ன மிச்சம் என்று ஒரு மேலாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 60 மீட்டர் நேர்பாதையை 10 கி.மீ. வேகத்தில் கடக்க 22 நொடி, 16 கி.மீ.-ல் 14 நொடி. ஒரு ஓட்டத்துக்கு 8 நொடி. ஷிஃப்டில் நூறு ஓட்டம் என்றால் 13 நிமிடம். அன்று காலை பில் வராமல் முதல் லாரி டாக்கில் நின்ற நேரமே அதைவிட அதிகம். தவறான இடத்தில் வைத்த ஒரு பேலட்டைத் தேடி இரண்டு பேர் சுற்றியது தனி. மேலாளர் கணக்கை மறுக்கவில்லை. பில்லைச் சீக்கிரம் வரவழைப்பது தன் கையில் இல்லை, ஆபரேட்டரை விரட்டுவது தன் கையில் இருக்கிறது என்றார். இவ்வளவு நேர்மையான பதிலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அதே குடோனில் மதிய ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் தினசரிச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்கினேன். பிரேக், ஹாரன், டயர், ஸ்டீயரிங், செயின், பெல்ட் என்று முப்பது நாளுக்கும் கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் டிக். தேதி அன்று பதினெட்டுதான். முப்பது வரைக்கும் ஒரே பேனாவால் போட்டு முடித்திருந்தார்கள்.

வண்டியில் ஏறப்போன ஆபரேட்டரிடம், "அண்ணே, கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் மெதுவாத் திருப்புங்க, நான் பின்னாடி நின்னு சக்கரத்தைப் பாக்கறேன்" என்றேன். திருப்பினார். கால் சுற்று. சக்கரம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பிய பிறகு அசைந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஆறு மாசமா இப்படித்தான் சார். கை பழகிடுச்சு."

சாவியை வாங்கி இன்சார்ஜ் மேசையில் வைத்தேன். அன்று மதியம் இருந்த ஒரே வண்டி அதுதான். மூன்று லாரிகள் இரவு வரை டாக்கில் நின்றன. அடுத்த மாதம் அந்தக் குடோனிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. வண்டியின் ஸ்டீயரிங் மாற்றப்பட்டதை மட்டும் அந்த ஆபரேட்டரே போனில் சொன்னார்.